ஏரிக்கரையில் கழுவிய டிபன் பாக்ஸ்

போன வருஷம் சித்திரை மாதம், அமாவாசைக்கு முந்தைய நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை. காஞ்சிபுரத்திலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம் போனால் வரும் ஓர் ஏரிக்கரையில் நடந்தது இது. ஏரியின் பெயரை எழுதவில்லை. அங்கே வேலை செய்யும் ஒருவருக்கு என்னால் ஒருமுறை தொல்லை வந்தது போதும்.

நான் பட்டு நெய்கிறவன். சின்ன காஞ்சிபுரத்தில் வீடு. வீட்டுக்குள்ளேயே இரண்டு தறி. ஒன்றில் நான், இன்னொன்றில் என் மனைவி. ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. தமிழை நிதானமாகப் படிப்பேன். ஆங்கிலம் என்றால் எழுத்தைப் படமாகத்தான் பார்ப்பேன். அதைவிடப் பெரிய குறை, எனக்குப் பேச வராது. பந்தியில் உட்கார்ந்தால், சாம்பார் வேண்டும் என்று கேட்கக் கூச்சப்பட்டு, பக்கத்து இலைக்கு வரும்வரை காத்திருந்து கையை நீட்டுகிற ஆள் நான். இதை எழுதச் சொன்னது என் மகள். நான் எழுதி முடித்தபின் பிழை திருத்தியதும் அவள்தான். ஒரு வரியைக்கூட அவள் மாற்றவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மகளுக்கு அப்போது கல்யாணமாகி ஏழு மாதம். மாப்பிள்ளைக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. நல்ல மனிதர். ஆனால் அவருக்கும் எனக்கும் அந்த ஏழு மாதத்தில் நடந்த பேச்சை எல்லாம் சேர்த்து எழுதினால் ஒரு பக்கம்கூட வராது. "சாப்பிட்டீங்களா மாமா?" என்பார். "ஆச்சு" என்பேன். "தறி எப்படிப் போவுது?" என்பார். "போவுது" என்பேன். பிறகு இருவரும் மின்விசிறியைப் பார்ப்போம்.

அவர் ஒரு நாய் வளர்த்தார். பெயர் வெல்லம். அச்சு வெல்லத்தின் நிறம். வயது பதினொன்று. மாப்பிள்ளையின் அம்மா குட்டியாகத் தூக்கி வந்து வளர்த்தது. அந்த அம்மா இறந்து மூன்று வருஷம் ஆகிறது. "அவரு அம்மாவைப் பத்தி வாயே தொறக்க மாட்டாருப்பா. வெல்லத்துக்கிட்டதான் பேசுவாரு" என்று மகள் ஒருமுறை சொன்னாள். அதைக் கேட்டதிலிருந்து அந்த நாயைப் பார்த்தாலே எனக்கு ஒரு மரியாதை, கொஞ்சம் பயமும்கூட.

அமாவாசையன்று நாங்கள் தறியில் உட்கார மாட்டோம். அந்த வழக்கம் மாப்பிள்ளைக்கும் தெரியும். அதனால் அந்த ஞாயிறும் மறுநாள் அமாவாசையும் சேர்த்து எங்காவது போய்த் தங்கலாம் என்று அவரே ஏற்பாடு செய்தார். படப்பிடிப்பில் சினிமாக்காரர்கள் உட்காருவார்களே, கேரவன் என்று ஒரு வண்டி, அந்த மாதிரி ஏழெட்டு வண்டிகளை ஏரிக்கரையில் வரிசையாக நிறுத்தி வாடகைக்கு விடுகிறார்கள். உள்ளே கட்டில், அடுப்பு, குளியலறை, ஏசி எல்லாம் உண்டு. வண்டி எங்கேயும் ஓடாது. ஏரியைப் பார்த்தபடி நிற்கும். நாய், பூனையையும் கூட்டி வரலாம் என்பதால்தான் அந்த இடத்தை மாப்பிள்ளை தேர்ந்தெடுத்தார்.

"பூனையும் வரலாமா?" என்று கேட்டதுதான் தாமதம், என் மனைவி எங்கள் வீட்டுப் பூனையைக் கம்பிக் கூடையில் போட்டு மூடியைக் கட்டிவிட்டாள். எலி பட்டைக் கடிக்காமல் காப்பது அந்தப் பூனைதான். எங்கள் வீட்டில் என்னைவிட அதற்குத்தான் சலுகை அதிகம்.

"ரெண்டு நாளைக்கு அத்த பட்டினி போட்டுட்டு நான் மட்டும் ஏரி பாக்கணுமா?" என்றாள்.

"கார்ல நாயி இருக்குதே" என்றேன்.

"இருக்கட்டும். நம்ம ரெண்டு பேரும் இருபத்தாறு வருசமா ஒரே ஊட்ல இருக்கல?"

காரில் வெல்லம் பூனையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் காலடியில் படுத்து, வழி முழுதும் என் செருப்பின் மேல் தாடையை வைத்துத் தூங்கியது.

பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். அந்த வருஷம் நல்ல மழை பெய்திருந்ததால் ஏரியில் பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தது. வண்டிகள் நின்ற இடத்தில்தான் மரம் இல்லை. பச்சைக் கோட்டு போட்ட ஒரு பெண்மணி வந்து கதவைத் திறந்துவிட்டார். நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும். வண்டிகளைச் சுத்தம் செய்வது, தண்ணீர் நிரப்புவது, கரண்ட் இணைப்பைப் பார்ப்பது எல்லாம் அவர் வேலை. மகளிடமும் மாப்பிள்ளையிடமும் ஒவ்வொன்றையும் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். புது இடம், புது மனிதர். வழக்கம்போல நான் ஒதுங்கிப் போய்த் தண்ணீரில் நின்ற நாரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஐந்து நிமிஷம் நான் அவர்களோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. "பிராணி உள்ள இருக்கும்போது ஏசிய நிறுத்தவே கூடாது, தகடு சூடேறிடும்" என்று அவர் இரண்டு முறை சொன்னாராம்.

பதினொன்றரை மணிக்கு மகளும் மாப்பிள்ளையும் காலால் மிதித்து ஓட்டுகிற படகில் போகக் கிளம்பினார்கள். படகில் நாயை ஏற்ற மாட்டார்கள். என் மனைவி பூனைக் கூடையோடு முன்னாலேயே போய்க் கரையில் ஒரு புளியமரத்து நிழலைப் பிடித்துவிட்டாள். மாப்பிள்ளை வண்டிச் சாவியை என் கையில் கொடுத்தார்.

"மாமா, வெல்லம் ஏசியில நல்லா தூங்கிக்கினு இருப்பான். நீங்க கொஞ்ச நேரம் கூட இருந்துட்டு, அவன் கண்ண மூடினதும் பூட்டிக்கினு வந்துடுங்க. ஒரு மணி நேரத்துல நாங்க வந்துடுவோம்."

அவர் என்னிடம் அத்தனை நீளமாகப் பேசியது அதுவே முதல் தடவை. தன் நாயையும் சாவியையும் என்னிடம் தந்ததில் எனக்கு உள்ளுக்குள் பெருமை. "சரி" என்றேன்.

வெல்லம் சீக்கிரமே தூங்கிவிட்டது. நான் எழுந்து கிளம்பினேன்.

இங்கேதான் எங்கள் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தறியில் பாவு, அதாவது நீளவாட்டு இழைகள், ஏற்றியிருக்கும்போது சன்னலைத் திறந்துவைத்துவிட்டு வெளியே போக மாட்டோம். சித்திரை வைகாசிக் காற்று உள்ளே புகுந்தால் பட்டு இழை காய்ந்து, மறுபடி நெய்ய உட்காரும்போது பொட்டுப் பொட்டென்று அறும். இன்னொன்று, வீட்டில் கடைசியாக வெளியே வருகிறவர் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுத்தான் வர வேண்டும். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் ஒயர் புகைந்து பாவெல்லாம் எரிந்து போனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். முப்பத்தைந்து வருஷமாக வீட்டைப் பூட்டும்போதெல்லாம் முதலில் சன்னல், பிறகு மெயின், பிறகு கதவு. இதில் மூளைக்கு வேலையே கிடையாது. கையே பார்த்துக்கொள்ளும்.

அன்றைக்கும் கை தன் வேலையைச் செய்தது. வண்டியின் சன்னல்களை மேல்பக்கம் ஒரு விரல் அகலத்துக்குத் திறந்து வைத்திருந்தார்கள். நான்கையும் இறுக்கி மூடினேன். கதவைச் சாத்திப் பூட்டினேன். வண்டியை ஒட்டி ஒரு கம்பத்தில் சாம்பல் நிறப் பெட்டி இருந்தது. அதைத் திறந்து சுவிட்சைக் கீழே இறக்கினேன். பெட்டியின் மேல் சிவப்பில் ஏதோ ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. எனக்கு அது படம்தான். எல்லாம் சரியாகச் செய்துவிட்ட நிம்மதியோடு புளியமரத்தடிக்குப் போனேன்.

அங்கிருந்து எங்கள் வண்டி தெரியும். மனைவி தயிர்சாதத்தை உருட்டிப் பூனைக்குக் கொடுத்துவிட்டு என்னையும் சாப்பிடச் சொன்னாள். படகு ஏரி நடுவில் சின்னதாகத் தெரிந்தது.

ஒரு பத்து நிமிஷத்தில் வெல்லம் குரைக்கத் தொடங்கியது. எனக்கு உடம்பே கூசிப்போனது. பக்கத்து வண்டியிலிருந்து ஒரு அம்மா எட்டிப் பார்த்தார். அடுத்தவர்களுக்குத் தொந்தரவாக இருக்கிறதே, யாராவது வந்து கேட்டால் என்ன பதில் சொல்வது என்றுதான் பயந்தேன். போய்ப் பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை. தனியாக இருப்பதால் குரைக்கிறது, கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும் என்று நினைத்தேன்.

அதேபோல அடங்கியது. அப்பாடா என்று ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தேன்.

யோசித்துப் பார்த்தால், அடுத்த வீட்டுத் தறி திடீரென்று நின்றால் என் காது விறைத்துக்கொள்ளும். ஏதோ அறுந்துவிட்டது என்று உடனே தெரியும். அந்தக் காதுதான் அன்று ஒரு உயிரின் சத்தம் நின்றதற்குச் சந்தோஷப்பட்டது.

முறுக்கு பாதி கையில் இருக்கும்போதே அந்தப் பச்சைக் கோட்டு அம்மா எங்களை நோக்கி வேகமாக வந்தார்.

"அண்ணா, உங்க வண்டிக்குள்ள நாயி இருக்குதா?"

"இருக்குது" என்றேன்.

"ஏசித் தண்ணி சொட்டலியே! அந்த எடத்துல எப்பவும் மைனா வந்து தண்ணி குடிக்கும். இன்னிக்கு தரை காஞ்சி கெடக்குது. சாவி எங்க?"

எழுந்து ஓடினேன். அவரும் கூடவே ஓடி வந்தார். ஓடும்போதுதான் மண்டையில் உறைத்தது. "ஐயோ, மெயின நான் நிறுத்திட்டேனே, நான்தானே நிறுத்தினேன்" என்று வாய்விட்டுப் புலம்பினேன். மனைவி பூனைக் கூடையைத் தூக்கிக்கொண்டு வெகு பின்னால் வந்துகொண்டிருந்தாள். அதைக் கேட்டது அந்த அம்மா ஒருவர்தான்.

சாவி துவாரத்தில் நுழையவில்லை. அவர் பிடுங்கித் திறந்தார். உள்ளிருந்து இட்லிப் பானையைத் திறந்த மாதிரி சூடு முகத்தில் அடித்தது. கதவுக்கு நேரே, தரையில், வெல்லம் பக்கவாட்டில் கிடந்தது. நாக்கு முழுதும் வெளியே தொங்கியது. கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. கதவின் உள்பக்கம் முழுதும் நகக் கீறல்.

இருவருமாகத் தூக்கி வண்டியின் நிழல் பக்கத்தில் கிடத்தினோம். பக்கத்து வண்டி அம்மா ஐஸ் தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தார்.

"ஐஸ் வாணாம்மா! சாதா தண்ணிதான் ஊத்தணும்" என்று தடுத்தார் பச்சைக் கோட்டு அம்மா. "அண்ணா, உங்க துண்ட நனைங்க. வயித்துல, காலு இடுக்குல வைங்க. அக்கா, நீங்க விசிறுங்க."

என் மனைவி பூனைக் கூடையை அப்படியே போட்டுவிட்டு, கையோடு கொண்டு வந்திருந்த முறுக்குத் தட்டால் விசிறத் தொடங்கினாள். அந்த அம்மா ஒரு கையால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, இன்னொரு கையால் போன் போட்டு, பக்கத்து ஊரில் மாடுகளுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரைக் கூப்பிட்டார். "ஞாயித்துக்கெழமைன்னு சொல்லாதீங்க சார். எங்க பசுவுக்கு மாட்டுப் பொங்கலன்னிக்கே வந்தவரு நீங்க" என்று கெஞ்சினார். பிறகு கரைக்கு ஓடி, புடவைத் தலைப்பை ஆட்டிப் படகைக் கூப்பிட்டார்.

படகு திரும்பியது. ஆனால் மிதிக்கிற படகு எவ்வளவு வேகமாக வந்துவிடும்? ஏரி நடுவிலிருந்து அது வர வர, வெல்லத்தின் விலா எலும்பு ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டிருந்தேன். ஏறும். பிறகு வெகு நேரம் ஒன்றுமே இல்லை. நின்றுவிட்டது என்று நினைக்கும்போது மறுபடி ஏறும். "இருடா, உன் ஆளு வராரு, இருடா" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

மாப்பிள்ளை முழங்கால் அளவு தண்ணீரிலேயே குதித்து ஓடி வந்தார். வெல்லத்தின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "டேய், என்னடா, அம்மா எங்கடா, அம்மா எங்கன்னு சொல்லுடா" என்றார். அந்த நாயிடம் தினமும் சொல்கிற வார்த்தையாக இருக்க வேண்டும். வால் நுனி லேசாக அசைந்தது. என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

டாக்டர் வண்டியில் வந்து இறங்கி, ஊசி போட்டு, குளுக்கோஸ் பாட்டிலைப் பக்கத்தில் நின்ற எங்கள் காரின் கண்ணாடியில் மாட்டிவிட்டு, "அரை மணி நேரம் போவட்டும். அதுக்கு முன்னாடி ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார். அப்போதுதான் மாப்பிள்ளை எழுந்தார். மேனேஜரும் வந்து சேர்ந்தார்.

"ஏசி எப்படி நின்னுது?" என்று கேட்டுக்கொண்டே மாப்பிள்ளை அந்தப் பெட்டியைத் திறந்தார். சுவிட்ச் கீழே இறங்கியிருந்தது. "யாரு இத ஆஃப் பண்ணது?"

மேனேஜர் உடனே பச்சைக் கோட்டு அம்மா பக்கம் திரும்பினார். "உன்கிட்ட எத்தன தடவ சொல்றது? போன வாரமும் தண்ணி ஏத்தும்போது ரெண்டாம் நம்பர் வண்டிய நிறுத்திட்டு மறந்துட்ட. இன்னிக்கும் அதே வேலையா?"

"நான் தொடல சார்" என்றார் அவர்.

"நீ தொடலன்னா, பின்ன யாரு, மைனா வந்து தொட்டுச்சா?"

மாப்பிள்ளை சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அன்று போட்டார். "உயிருங்க அது! உள்ள ஒரு உயிர் இருக்குதுன்னு நீங்கதானே காலையில எனக்கே சொன்னீங்க? நீங்களே இப்படிப் பண்ணலாமா?"

அந்த அம்மா என்னை ஒரே ஒரு தடவை பார்த்தார். அரை நொடி இருக்கும். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

என் வாய் திறக்க வேண்டிய இடம் அதுதான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. என் மனைவிக்குத் தெரியாது, மகளுக்குத் தெரியாது. யாரும் என்னைச் சந்தேகப்படவே இல்லை. நான்தான் எப்போதும் ஒன்றும் செய்யாத, ஒன்றும் சொல்லாத ஆள் ஆயிற்றே! ஏழு மாதத்தில் முதல்முறையாக ஒரு பொறுப்பை என் கையில் கொடுத்த மனிதர், அவருடைய அம்மா வளர்த்த நாய். இப்போது எப்படிச் சொல்வது? டாக்டர் பிழைத்துக்கொள்ளும் என்று சொல்லட்டும், அப்புறம் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

"சாவிக் கொத்த டேபிள் மேல வெச்சிட்டு கெளம்பும்மா. நாளைலேர்ந்து வர வேணாம்" என்றார் மேனேஜர்.

அந்த அம்மா பச்சைக் கோட்டைக் கழற்றி மடித்துச் சாவியோடு கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். குழாயடியில் உட்கார்ந்து தன் டிபன் பாக்ஸைக் கழுவ ஆரம்பித்தார். நான் வெல்லத்தின் வயிற்றில் ஈரத் துண்டை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே அவரைப் பார்த்தேன். சாம்பல் போட்டுத் தேய்த்தார். அலம்பினார். வெயிலில் பிடித்துப் பார்த்தார். மறுபடியும் தேய்த்தார். ஒரு சின்ன டிபன் பாக்ஸ், அதற்கு இவ்வளவு நேரமா என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. சீக்கிரம் போய்விட்டால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் நினைத்தேன்.

குளுக்கோஸ் முக்கால் பாட்டில் இறங்கியபோது வெல்லம் தலையைத் தூக்கியது. கிண்ணத்தில் இருந்த தண்ணீரை நாலு தடவை நக்கியது. டாக்டர் அதன் ஈறைப் பார்த்துவிட்டு, "கண்டம் தாண்டிடுச்சு. இன்னும் பத்து நிமிசம் போயிருந்தா நான் வந்தே பிரயோசனம் இல்ல. யாரு மொதல்ல பார்த்தது?" என்றார்.

முதலில் பார்த்தவர் குழாயடியிலிருந்து எழுந்து, டிபன் பாக்ஸைப் பைக்குள் வைத்து, கேட்டைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார்.

நான் எழுந்தேன். "ஏம்மா" என்று கூப்பிட்டேன். குரல் வரவில்லை. மாப்பிள்ளையிடம் சொல்லலாம் என்று திரும்பினேன். அவர் முகத்தைப் பார்த்ததும் அதுவும் முடியவில்லை. என்ன செய்கிறேன் என்று தெரியாமலே அந்தக் கம்பத்துக்குப் போனேன். பெட்டியைத் திறந்தேன். அதற்குள் மேலே ஏற்றி வைத்திருந்த சுவிட்சைப் பிடித்து, எல்லாரும் பார்க்க, டக்கென்று கீழே இறக்கினேன். வண்டிக்குள் ஏசி நின்றது.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"இப்பிடித்தான் நிறுத்தினேன்" என்றேன். "நான்தான். சன்னலையும் நான்தான் சாத்தினேன். அந்தம்மா தொடவே இல்ல. அவங்க ஓடி வந்து சொல்லலன்னா வெல்லம் இல்ல."

வாழ்க்கையில் நான் கூட்டத்துக்கு நடுவில் பேசிய பேச்சு அது ஒன்றுதான்.

முதலில் வாயைத் திறந்தவள் என் மனைவி. "ஏங்க, இது இன்னா நம்ம தறி ஊடா, மெயின எறக்கிட்டு வர்றதுக்கு?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாப்பிள்ளை நேராகக் கேட்டுக்கு ஓடி அந்த அம்மா முன்னால் நின்று, இரண்டு கையையும் கூப்பினார். மேனேஜர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே போய்க் கோட்டையும் சாவியையும் எடுத்து வந்து நீட்டினார். அந்த அம்மா உடனே வாங்கவில்லை. என்னிடம் வந்தார்.

"சொல்றதுக்கு இவ்ளோ நேரமாண்ணா? இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா என் டிபன் பாக்ஸு தேஞ்சே பூட்டிருக்கும்" என்றார்.

"நீ ஏம்மா சொல்லல? ஓடும்போது நான் சொன்னது உன் காதுல விழுந்துதே" என்றேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "மாப்ள எதிர்ல மாமனார எப்பிடிண்ணா காட்டிக் குடுக்கிறது? எனக்கும் ஊட்ல ஒரு மாப்ள கீறாரு. நீங்களே சொல்லுவீங்கன்னுதான் கழுவிக்கினே இருந்தேன்."

"நான் சொல்லாமலே இருந்திருந்தா?"

"நீங்கல்லாம் ஊருக்குப் போனப்புறம் நாளைக்கு வந்து மேனேஜர் கையில சொல்லியிருப்பேன். எனக்கு வேல வாணாமா?" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு கோட்டை வாங்கி உதறிப் போட்டுக்கொண்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. துண்டு ஈரமாக இருந்ததால் முகத்தைத் துடைத்துக்கொண்டது யாருக்கும் தெரியவில்லை.

அங்கே தங்காமல் அன்று சாயங்காலமே திரும்பிவிட்டோம். ஒன்றரை மணி நேரமும் காரில் பூனை மட்டும்தான் பேசியது. வெல்லம் இந்தத் தடவை மகளின் மடியில் படுத்திருந்தது. எங்கள் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, "வரேன் மாமா" என்று மட்டும் சொல்லிவிட்டு மாப்பிள்ளை போய்விட்டார். அதற்குப் பிறகு நான்கு வாரம் போன் இல்லை. மகள் பேசுவாள்; பின்னால் அவர் குரல் கேட்கும்; என்னைக் கேட்க மாட்டார். "வெல்லம் எப்படி இருக்குது?" என்று மட்டும் கேட்பேன். "சாப்பிடறான்பா" என்பாள். தறியில் குறுக்கிழையைக் கொண்டுபோகிற நாடாவைத் தள்ளும்போதெல்லாம் அந்தக் கதவுக் கீறல்கள் கண்ணில் வந்து நிற்கும். இழை அறுந்தால் முடி போட்டுவிடலாம். இதற்கு எங்கே போய் முடி போடுவது என்று இருந்தது.

அடுத்த அமாவாசை. தறி ஓடாத நாள். காலை ஒன்பது மணிக்கு வாசலில் கார் வந்து நின்றது. மாப்பிள்ளை மட்டும் இறங்கினார், கையில் வெல்லத்தின் கயிறு.

"எனக்கு கம்பெனியில முழு நாள் வேல இருக்குது. அவளும் ஆபீஸ் போயிட்டா. சாயந்திரம் வரைக்கும் இவன பாத்துக்கிறீங்களா மாமா?" என்றார்.

நான் கையை நீட்டவில்லை. "என்கிட்டயாப்பா?" என்றேன்.

"நீங்க அன்னிக்கு சொல்லாம இருந்திருந்தா, எனக்குக் கடைசி வரைக்கும் தெரிஞ்சே இருக்காது. தப்பு பண்ணா சொல்ற ஆளுகிட்டதான மாமா உட்டுட்டுப் போவ முடியும்?" என்றார். கயிற்றை என் கையில் வைத்தார். "ஆனா, மெயின மட்டும் தொடாதீங்க."

அவர் சிரித்தாரா என்று தெரியவில்லை. நான் தலையைக் குனிந்திருந்தேன்.

அன்று முழுதும் வீட்டில் எல்லாச் சன்னலையும் திறந்தே வைத்திருந்தேன். பாவு காய்ந்து மறுநாள் இழை இழையாக அறுந்தது. மனைவி திட்டத் திட்ட உட்கார்ந்து முடி போட்டேன். இப்போது ஒவ்வொரு அமாவாசைக்கும் வெல்லம் எங்கள் வீட்டில்தான். பூனைதான் அதற்கு இன்னும் இடம் கொடுக்கவில்லை.

நான் இன்றும் பேசாத ஆள்தான். ஆனால் பேச வேண்டிய இடத்தில் நாக்கு ஒட்டிக்கொள்ளும்போதெல்லாம், எனக்காக எங்கேயோ ஒருவர் குழாயடியில் உட்கார்ந்து, ஏற்கெனவே சுத்தமாகிவிட்ட ஒரு டிபன் பாக்ஸை மறுபடி மறுபடி கழுவிக்கொண்டிருக்கிறார் என்று தோன்றும், உடனே வாயைத் திறந்துவிடுகிறேன்.